பத்திக் கதவு

குருநகரில் பெயின்ற் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகம் வந்தால், கடைக்குப் போக முதல் யசிந்தாவிடம்தான் போவார்கள். கடல்காற்று படும் சுவருக்கு எது நிற்கும், எது ஆறு மாதத்தில் தோல் உரியும் என்று அவள் சுவரைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். பட்டினத்தில் ஒரு பெயின்ற் கடையில் இருபத்திரண்டு வருடம் நிறம் கலந்தவள். மெஷின் வந்த பிறகும், அது கலந்து தள்ளியதை இவளிடம் காட்டிவிட்டுத்தான் முதலாளி மூடியை மூடுவாராம். இதை அவளே சொல்வாள், ஒருதரம் இல்லை, கேட்கிறவருக்குக் காது புளிக்கும் மட்டும் சொல்வாள். சொல்லட்டுமே. பெருமை பேச அவளிடம் வேறு என்ன இருந்தது?

வயது ஐம்பத்துநாலு. கலியாணம் கட்டவில்லை. கோயிலுக்குப் பின்னால், கடலுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி, இரண்டு அறையும் விறாந்தையும் குசினியுமாக ஒரு வீடு. அதன் மேற்குச் சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தி. தகப்பன் செபநாயகம் இருந்த காலத்தில் வலையும் மிதப்பும் போட்டு வைக்க இறக்கியது. வீட்டுக்குள் இருந்து பத்திக்குப் போக ஒரு பச்சைக் கதவு. வீடு முழுக்க ஆளில்லாமல் கிடக்க, யசிந்தா படுப்பதும் எழும்புவதும் வேலை செய்வதும் அந்தப் பத்திக்குள்தான். ஏனென்று கேட்டால், அறைகள் தங்கச்சிக்காம். தங்கச்சி ஜெசிதா இருப்பது பாரிசில். நாலு வருடத்துக்கு ஒருதரம் மூன்று கிழமை வந்து நிற்கிறவளுக்காக வருடம் முழுக்கக் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு விரித்து, மாதம் ஒருக்கால் தோய்த்து, காயவைத்துத் திரும்ப விரித்து வைத்திருந்தாள். பாசம் என்று அவள் சொன்னாள். அயலில் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள்.

பொம்மை வீடு செய்வது அவளுக்குப் பாலன் குடிலில் இருந்து வந்த வேலை. நத்தாருக்குக் கோயிலில் குடில் கட்டும்போது, பெத்லேகேம் ஊர் என்று மட்டையில் நாலைந்து வீடு வெட்டி வைப்பார்கள். கதவு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு மையால் ஒரு சதுரம் கீறியிருக்கும். ஒரு வருடம் யசிந்தா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, சூசையப்பர் இதிலை எதைத் தட்டினவராம் என்று கேட்டாள். குடில் கட்டிய இளந்தாரிகளுக்கு முகம் கறுத்துப்போயிற்று. அப்படியென்றால் நீங்களே செய்யுங்கோ அக்கா என்றார்கள். செய்தாள். அடுத்த நத்தாருக்குப் பெத்லேகேமில் இருந்த பதினொரு வீட்டுக்கும் கதவு திறந்தது. குண்டூசியை வளைத்துப் பிணைச்சல், ஐஸ்கிறீம் தடியைச் சீவிக் கதவு, காதுத் தோட்டின் சுரையில் கைப்பிடி. சனம் பாலனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக் கதவுகளைத் திறந்து திறந்து பார்த்ததில் இரண்டு கதவு கையோடு வந்தும் விட்டது.

அதற்குப் பிறகு கன்னியர் மடத்துப் பாலர் பள்ளிக்கு ஒன்று கேட்டார்கள். பிறகு பிறந்தநாளுக்கு, பரிசுக்கு என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பலகை வெட்டி ஒட்டுவதை எவனும் செய்வான், வீட்டுக்கு உயிர் வருவது வெளிப்பூச்சில்தான் என்பாள். இன்னொன்றும் சொல்வாள்: கதவு எண்டால் திறக்கோணும், திறக்காத கதவைக் கீறிவிடுகிறது பிள்ளையளுக்குப் பொய் சொல்லுற வேலை. எத்தனை வீடு செய்தாளோ தெரியாது, திறக்காத கதவோடு ஒரு வீடுகூட அவள் கையால் போனதில்லை.

இனி அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தின் கதை. இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

ஜெசிதா அவளுக்கு ஒன்பது வயது இளையவள். யசிந்தாவுக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம் சண்டைக்கால இடப்பெயர்வோடு எங்கேயோ போய்விட்டது, பிறகு ஒன்றும் வரவில்லை. தங்கச்சிக்குப் பாரிசில் இருந்து எமில்ராஜ் என்ற மாப்பிள்ளை வந்தபோது, சீதனமாக வீட்டைக் கேட்டார்கள். தாய் யசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். யசிந்தா ஓம் என்றாள். மூன்று பேருமாக உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர். கண்ணாடிக்கு மேலால் யசிந்தாவைப் பார்த்து, மூத்த பிள்ளைக்குச் சீவிய உரித்து வைக்கவோ என்று கேட்டார். வீடு தங்கச்சி பேரில் இருந்தாலும் தமக்கை சாகும் மட்டும் அதில் இருக்கலாம் என்று உறுதியில் ஒரு வரி. அவ்வளவுதான், ஒரே ஒரு வரி.

தாய் வாய் திறக்க முதல் யசிந்தாவே வேண்டாம் என்றுவிட்டாள். மாப்பிள்ளை பகுதி உறுதியைப் படித்துவிட்டு வீட்டில் வில்லங்கம் இருக்கிறது என்று நினைக்குமாம். அதோடு, கூடப்பிறந்தவளுக்கும் தனக்கும் நடுவில் எழுத்து எதற்காம். எங்கடை ஆட்களுக்கே உரிய ரோசம் இது. அந்நியனிடம் நூறு கையெழுத்து வாங்குவோம், சொந்தத்திடம் ஒரு வரி கேட்க நாக்கூசும். நொத்தாரிசு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பாரிசுக்குப் புறப்பட்ட அன்று ஜெசிதா வாசலில் நின்று தமக்கையைக் கட்டிப் பிடித்து அழுதாள். வீட்டுச் சாவியெல்லாம் கோர்த்த திறப்புக் கோர்வையை அவள் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினாள். "நீ சாகுமட்டும் இது உன்னட்டையே இருக்கட்டும், அக்கா. திறப்பு ஆரிட்டை இருக்கோ அவைக்குத்தான் வீடு" என்றாள். அந்தச் சொல்லை யசிந்தா பதினெட்டு வருடம் அந்த உறுதியை விடப் பெரிய உறுதியாக வைத்திருந்தாள். தாய் செத்தபோதும் அவளுக்கு வீட்டைப் பற்றி ஒரு பயமும் வரவில்லை.

போன தவக்காலத்தில் ஜெசிதா போன் எடுத்தாள். மகள் ஜெயனிக்கு வைகாசியில் முதல் நன்மை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். பரிசாக ஒரு பொம்மை வீடு வேண்டும், அதுவும் எங்கடை வீடு மாதிரியே வேண்டும் என்றாள். யசிந்தாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். ஜெயனி ஐந்து வயதில் ஒருமுறை வந்த பிள்ளை. வெள்ளை விரிப்புப் போட்ட அறையில் படுக்கமாட்டேன் என்று தலையணையையும் இழுத்துக்கொண்டு பச்சைக் கதவைத் தள்ளித் திறந்து பத்திக்கு வந்து, மூன்று கிழமையும் பெரியம்மாவின் வயிற்றில் கால் போட்டுப் படுத்த பிள்ளை.

ஓரடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்தாள். பிறந்து வளர்ந்த வீட்டை ரேப் பிடித்து அளந்தபோது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. மூன்றுதட்டுப் பலகையில் சுவர்கள் வெட்டினாள், மேற்குச் சுவரில் பத்திக் கதவுக்கு வாசலும் வெட்டி, அதற்கு வெளியே பத்தியையும் இறக்கினாள். பலகையை அரத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு ஒன்று கொடுத்து, காயவிட்டு, திரும்பவும் தேய்த்தாள். சுவருக்குச் சாந்து பூசிய சொரசொரப்பு வரவேண்டுமே, அதற்குக் கடற்கரை மணலை அரித்து எடுத்து மூன்று தண்ணீரில் கழுவினாள். உப்புக் கிடந்தால் பாரிசில் போய் இருந்தும் பெயின்ற்றைத் தூக்கிவிடும். கழுவிய மணலைப் பசைக்கு மேல் தூவி, தட்டி, மிச்சத்தை ஊதி விட்டாள். ஓடுகளைத் தீப்பெட்டி மட்டையில் ஒவ்வொன்றாக நறுக்கி, கீழ் வரிசையில் இருந்து மேலே ஒட்டிக்கொண்டு போனாள். தேயிலைச் சாயத்தண்ணீரைத் தடிப்பாகக் காய்ச்சி ஓட்டுக்கு மேல் தடவினாள், பழைய ஓட்டின் கறுப்பு வந்தது. நுளம்புவலைத் துண்டில் யன்னல் கம்பி.

அவ்வளவும் முடித்து, சுவருக்கு வீட்டின் அதே வெளிர் மஞ்சளைக் கலந்து படம் எடுத்து அனுப்பினாள். ஜெசிதாவிடம் இருந்து குரல் பதிவு வந்தது. வடிவாய் இருக்காம், ஆனால் மஞ்சள் வேண்டாமாம். வெள்ளையும் சாம்பலுமாம், இப்ப அதுதான் பாஷனாம். பிள்ளையின் விருப்பமாக்கும் என்று யசிந்தா நினைத்தாள். மஞ்சளைத் தேய்த்து எடுத்துவிட்டு வெள்ளை அடித்தாள். இரண்டு நாள் கழித்து, மேலே ஒரு மாடி வைக்க முடியுமோ என்று கேள்வி. பொம்மைகள் படி ஏறி விளையாடுமாம். ஒட்டிய ஓடுகளை எல்லாம் கழற்றி மாடி வைத்தாள். பிறகு முற்றத்தில் கார் நிற்கிற மாதிரிக் கல் பதிக்கட்டாம். பொம்மைக்குக் கார் எதற்கடி என்று கேட்கிற ஆள்தான் அவள், தங்கச்சி என்றபடியால் கேட்கவில்லை. அவ்வளவு சின்னக் கல்லுக்கு எங்கே போகிறது? மீன்தொட்டிக் கடையில் சின்னக் கல் வாங்கிப் பதித்தாள்.

கடைசியாகத்தான் பத்தி. "அக்கா, உந்தப் பத்தியை எடுத்துவிடு. பக்கத்திலை துருத்திக்கொண்டு நிக்கிறது வடிவைக் கெடுக்குது" என்று வந்தது.

இந்த இடத்தில் யசிந்தா ஒரு நாள் வேலை செய்யவில்லை. பத்தி இல்லாமல் அது என்ன எங்கடை வீடு? ஆனாலும் பிள்ளையின் கண்ணுக்கு நேர்ச் சுவர்தான் வடிவாக இருக்கும் போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பத்தியைக் கழற்றினாள். வெட்டிய வாசலை என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டாள். அடைத்துவிடு, ஆனால் அடைத்த அடையாளம் தெரியப்படாது என்று பதில் வந்தது.

தெரியப்படாதோ? பெயின்ற்காரியிடம் இப்படி ஒரு சொல் சொன்னால் போதாதோ. யசிந்தா சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். வாசலுக்கு அச்சொட்டாகப் பலகை நறுக்கி வைத்தாள். மரத்தூளும் பசையும் குழைத்து இடுக்குகளை நிரப்பினாள். அதற்கு மேல் புட்டி, அரத்தாள், மணல், அடிப்பூச்சு. ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள், மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினாள். நாலாம் நாள் வெளிச்சத்தை எந்தப் பக்கம் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓடவிட்டாள், விரலுக்கும் தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பினாள். "அக்கா, நீ எஞ்சினியர்மாருக்கே படிப்பிப்பாய்" என்று பதில் வந்தது, பின்னால் ஒரு வரிசை சிவப்பு இதயம். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு நாகேஸ்வரிக்கும் காட்டினாள், மீன் கொண்டுவந்தவளுக்கும் காட்டினாள்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில், கடைசி வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த நேரம், மேசன் அடைக்கலநாதன் வந்து படலையில் நின்றான். வீடு கட்டும் வேலைகளைக் கொந்தராத்துக்கு எடுத்துச் செய்கிறவன், தெரிந்த பெடியன். கையில் அளவு ரேப்பும் காதில் சிவப்புப் பென்சிலும். போனில் ஒரு படத்தைக் காட்டி, இது நீங்கள் செய்ததாமே அக்கா என்றான். அவளுடைய பொம்மை வீடு. யசிந்தாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உள்ளே கூட்டிக்கொண்டு போய் அசலையே காட்டினாள். மணலைக் கழுவிய கதை, ஓடு நறுக்கிய கதை எல்லாம் சொன்னாள். அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிளான் கீறவே தேவையில்லை, அளவெல்லாம் அச்சொட்டாய் இருக்கு என்று மெச்சினான்.

எதற்குப் பிளான் என்று அவள் கேட்டாள்.

அவன் அவளை ஒருமாதிரிப் பார்த்தான். மாடி எழுப்பவும் முற்றத்துக்குக் கல் பதிக்கவும் தன்னிடம் வேலை தந்திருக்கிறார்கள் என்றான். வெளிநாட்டுச் சனம் வந்து நாள்வாடகைக்கு நிற்கிற மாதிரிச் செய்யப்போகினமாம். இந்தப் படத்தை அனுப்பி, இதிலிருந்து ஒரு அங்குலம் பிசகக்கூடாது, அக்காவே செய்து தந்தது என்று ஜெசிதா அக்கா சொன்னவ என்றான். பிறகு குரலை இறக்கினான். "முதல் வேலை பத்தியை இடிச்சு, அந்தக் கதவைக் கட்டி அடைக்கிறது எண்டு சொன்னவ. அப்ப... உங்களுக்குச் சொல்லேல்லையோ அக்கா?"

யசிந்தா அங்கே நின்று தன் கட்டிலைப் பார்த்தாள். மூலையில் அடுக்கிய பெயின்ற் ரின்களைப் பார்த்தாள். மேசையில் அந்த வெள்ளைச் சுவர் மினுங்கிக்கொண்டிருந்தது. சொல்லித்தான் இருக்கினம் தம்பி, நான்தான் மறந்துபோனன் என்றாள். தங்கச்சியை ஊரானுக்கு முன்னால் விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் அவளுக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்டவளைத்தான் ஏமாற்றினார்கள், பாவிகள். அடைக்கலநாதன் நம்பவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அளவு எடுத்தான், இடிக்கிறதுக்கு அடையாளமாகப் பத்திச் சுவரில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டான். தனக்கு வேறு ஒரு வேலை முடிய இருக்கு, வைகாசி கழித்துத்தான் தொடங்குவேன் என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றுதரம் போன் எடுத்தாள், ஜெசிதா எடுக்கவில்லை. பின்னேரம்தான் அவளாக எடுத்தாள். அடைக்கலநாதன் சொல்லியிருப்பான் போல, குரல் முதலே தயாராக இருந்தது.

"ஜெசி, பிள்ளைக்கு எண்டுதானே கேட்டனீ?"

"பிள்ளைக்கும்தான், அக்கா."

அந்த 'உம்' யசிந்தாவின் நெஞ்சுக்குள் போய்க் குத்தியது. இத்தனை நாள் அரித்ததும் தேய்த்ததும் பூசியதும் எல்லாம் அந்த ஒரு 'உம்'முக்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

ஜெசிதா நிற்காமல் கதைத்தாள். எமில்ராஜின் யோசனையாம். அங்கே வாழ்கிற வாழ்க்கை இங்கே இருக்கிறவைக்கு விளங்காதாம். வீட்டைச் சும்மா பூட்டி வைத்து என்ன பிரயோசனமாம். பூட்டி வைத்தோ? அப்போது அதற்குள் பதினெட்டு வருடம் இருந்தவள் யார், பல்லியோ? அக்காவை நடுத்தெருவில் விடவில்லையாம், வயதுபோன பெண்களுக்கு ஒரு இல்லத்தில் கதைத்து ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். ஐம்பத்துநாலு வயதுக்காரிக்கு வயதுபோனோர் இல்லம். அதைக் காதால் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் யசிந்தா கேட்டாள்.

"உனக்கு விளங்கியிருக்கும் எண்டுதான் நினைச்சன். பத்தியை எடு எண்டனான், எடுத்தனீ. கதவை அடை எண்டனான், அடைச்சுப் படமும் அனுப்பினனீ. ஒரு சொல்லு மறுக்கேல்லையே, அக்கா. என்ரை வீட்டிலை நான் ஒரு மாற்றம் செய்யக்கூடாதோ?"

எங்கடை வீடு என்றுதான் அவள் வாயில் எப்போதும் வரும். இன்றைக்கு என்ரை வீடாகிவிட்டது. கடைசியில், திறப்புக் கோர்வையை அடைக்கலநாதனிடம் கொடுத்துவிடு என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பழைய நொத்தாரிசு உயிரோடு இல்லை. யசிந்தா உறுதியின் பிரதியை இன்னொரு சட்டத்தரணியிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டுதரம் படித்துவிட்டு, உங்களுக்கெண்டு இதிலை ஒரு வரியும் இல்லையே அம்மா என்றார். வழக்குப் போடலாம், இழுபடும், வெல்லுவோம் என்று சொல்லமாட்டேன் என்றார். அந்த ஒரு வரியை வேண்டாம் என்றவள் நான்தான் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டாள்.

பத்திக்குள் பொம்மை வீடு மேசையில் இருந்தது. சுத்தியலைத் தூக்கி ஒரே போடாகப் போடவேண்டும் என்று ஆத்திரம் வந்தது. முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது? சுத்தியலை வைத்துவிட்டுச் சின்னக் கத்தியை எடுத்தாள். அடைத்த வாசலைத் திரும்ப வெட்டி எடுத்து, கதவு போட்டு, பத்தியையும் ஒட்டித்தான் அனுப்புவது என்று முடிவு. அவர்கள் வீட்டில் என்னத்தையும் இடிக்கட்டும், பிள்ளையின் வீட்டில் பெரியம்மாவின் அறை இருக்கும்.

கத்தியை வைக்க இடம் தெரியவில்லை. விரலால் தடவினாள். ரோச் அடித்துப் பார்த்தாள். தட்டிக் காது கொடுத்துப் பார்த்தாள், எல்லா இடமும் ஒரே சத்தம். குத்துமதிப்பாக ஒரு இடத்தில் கத்தியை இறக்கினாள், பசையும் தூளும் இறுகி மரத்தை விட வைரமாக இருந்தது. கத்தி நுனி முறிந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முழுச் சுவரும் பிளந்துபோகும். தன் கைவேலையில் அவள் அதுவரை ஒரு பிழையும் கண்டதில்லை, அன்றைக்கு ஒரு பிழை இருந்திருக்கக்கூடாதோ என்று தேடினாள். நாலு நாள் பட்ட பாட்டுக்கு அடையாளமே இல்லாமல் தன்னைத் தானே அடைத்து வைத்திருந்தாள். மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தாய் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

மறுநாள் ரேப்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டின் அசல் பச்சைக் கதவை அளந்தாள். பொம்மை வீட்டுச் சுவரில் அரை அங்குலக் கணக்குக்கு நாலு புள்ளி வைத்தாள். நகப்பூச்சுத் தூரிகையைக் கழுவி எடுத்து, அந்தப் பழைய பச்சையைக் கண்ணாலேயே கலந்து, வெள்ளைச் சுவரில் ஒரு கதவு கீறினாள். பலகைக் கோடு, பிணைச்சல், திறப்பு போடும் ஓட்டை எல்லாம் கீறினாள். கைபட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் பச்சையைக் கொஞ்சம் மங்க வைத்தாள். அவள் வாழ்க்கையில் கீறிய ஒரே திறக்காத கதவு அதுதான். வார்னிஷ் காய்ந்தவுடன் பொதி கட்டி அனுப்பினாள், படம் எடுத்து அனுப்பவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஜெயனியே போனில் வந்தாள். தலையில் வெள்ளைப் பூமுடி, பின்னால் ஒரு கூட்டம் ஆட்கள், மேசையில் கேக். யசிந்தா பத்திக்குள் இருந்தாள். உடுப்புகள் இரண்டு பையில் கட்டியாகிவிட்டது, பெயின்ற் ரின்களை நாகேஸ்வரி வீட்டுக்கு மாற்றியாகிவிட்டது. இரண்டு கிழமைக்கு முதலே திறப்புக் கோர்வையை அடைக்கலநாதனிடம் கொடுத்திருந்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, ஜெசிதா அக்கா பாரிசுக்கு அனுப்பச் சொன்னவ என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

ஜெயனி வீட்டைக் காட்டினாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து மூடினாள். அவளுடைய தமிழ் தத்தித் தத்தித்தான் வரும். பிறகு போனை மேற்குச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சின்ன விரலால் அந்தப் பச்சையைச் சுரண்டினாள்.

"பெரியம்மா, இது உங்கடை அறைக் கதவுதானே? எனக்குத் தெரியும். எல்லாம் திறக்குது, இது மட்டும் திறக்குதில்லை."

பின்னால் ஆட்களின் சிரிப்பும் கதையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெசிதா மேசைக்கு அந்தப் பக்கம் கேக் வெட்டும் கத்தியோடு நின்றாள்.

"அது பூட்டிக் கிடக்கு, பிள்ளை" என்றாள் யசிந்தா. "திறப்பு கொம்மாவிட்டை. கேட்டு வாங்கு."

ஜெயனி போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். தரை, கதிரைக் கால், ஆட்களின் சப்பாத்து எல்லாம் ஆடி ஆடி வந்து, கடைசியில் ஜெசிதாவின் முகம் வந்து நின்றது.

"அம்மா, பெரியம்மாவின்ரை திறப்பைத் தாங்கோ" என்று பிள்ளை கேட்டது. கதைத்துக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை இரண்டாம்தரமும் கேட்டது. பிறகு, பெரியம்மா உள்ளுக்கை நிக்கிறா, தாங்கோவன் அம்மா என்று அழத் தொடங்கிவிட்டது.

யசிந்தா போனை வைக்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புப் புள்ளடிக்குக் கீழே, கட்டிலில் இருந்து, தங்கச்சி என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.